இடது கிராங்க்

பொலிஸ் நிலையத்தின் பின்முற்றத்தில், பிடிபட்ட கசிப்புச் சாராயக் கேன்களுக்கும் சக்கரம் இல்லாத மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே அந்த மலைச் சைக்கிள் சாய்ந்து நின்றது. வலது பக்கத்தில் பெடல் இருந்தது. இடது பக்கத்தில் அச்சு மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கிராங்க், அதாவது பெடலை நடு அச்சோடு சேர்க்கிற உலோகக் கை, பெடலோடு கழன்று ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தது.

"கொலைக் கேஸ்னா கத்தியைப் பையில போடுவாங்க. இங்க சைக்கிளோட காலைப் போட்டு வச்சிருக்காங்க," என்றேன் நான்.

வதனி மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே குறைவு. யாழ்ப்பாணத்தில் பிறந்து பதுளையில் சட்டத்தரணியாக இருப்பவர். வழக்காடுவதைவிட வழக்குக்குள் மூக்கை நுழைப்பதில் அவருக்கு ருசி அதிகம். நான் சதீஸ்குமார். முச்சக்கரவண்டி ஓட்டுபவன். மேடம் துப்புத் தேடக் கிளம்பும் நாட்களில் வண்டியோடு சேர்த்து என் வாயும் அவருக்கு வாடகை.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பசறையில் மாகாண மலைச் சைக்கிள் போட்டி. வெல்கிறவர் கொழும்பில் தங்கித் தேசிய அணியோடு பயிற்சி பெறலாம். ஊற்றுமலைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண் துஷாந்தினி, ஏற்றம் முழுவதும் முன்னால் போனாள். இறக்கத்தில் இடது கிராங்க் கழன்றது. பெண் பாதையோர வடிகாலான கல்லுக் கானுக்குள் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாள். அந்தச் சைக்கிளின் கிராங்க்குகளை அதே வாரம் கழற்றிப் பூட்டியவன் பதுளை பஸாரில் கடை வைத்திருக்கும் றினாஸ். 'போல்ட் பூட்ட மறந்துவிட்டான்' என்றார்கள் முதலில். இரண்டாம் நாள் அது 'யாரோ சொல்லித்தான் மறந்தான்' என்று வளர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்போது றினாஸ் உள்ளே இருக்கிறான். இன்று பின்னேரம் பொலிஸார் ஆஸ்பத்திரிக்குப் போய்த் துஷாந்தினியிடம் வாக்குமூலம் எடுப்பார்கள். அவள் 'றினாஸ்தான்' என்று சொன்னால் நாளை நீதவான் முன்னால் நிறுத்துவார்கள், பிறகு மறியல் சிறைதான். றினாஸின் உம்மா ஸித்தி ஸுபைதா காலையிலேயே மேடத்தின் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். மகன் அந்தப் பிள்ளையைத் தங்கையாக நினைத்தவன், அவளிடம் ஒருநாளும் கூலி வாங்கியதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

துஷாந்தினியை மேடம் நேற்றே பார்த்துவிட்டு வந்திருந்தார். அவள் அழவில்லையாம். "றினாஸ் நானாவா இருந்தா நான் இனி யாரையும் நம்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னாளாம்; முஸ்லிம் அண்ணனை இங்கே நானா என்போம். அந்த ஒரு வாக்கியம்தான் மேடத்தை இந்தக் கசிப்புக் கேன்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

கிராங்க்கின் நடு ஓட்டையை ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி அடைத்திருந்தது. மேடம் சார்ஜன்டிடம் அனுமதி கேட்டுவிட்டு, என் வண்டிச் சாவியை வாங்கி, நுனியால் மூடியை நெம்பினார். மூடி தெறித்தது. உள்ளிருந்து ஒரு போல்ட் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

சார்ஜன்டின் முகம் ஒரு சுற்று மாறியது. பூட்ட மறந்த போல்ட் எப்படி மூடிக்குள் இருக்கும்? ஆனால் மனுஷன் சுதாரித்துக்கொண்டார். பூட்டியிருக்கிறான், இறுக்க மறந்திருக்கிறான், இரண்டும் ஒன்றுதானே என்று, சிங்களவரானாலும் நல்ல தமிழிலேயே சொன்னார்.

"இறுக்க மறந்த போல்ட்டுக்கு இவ்வளவு காயம் ஏன்?" என்றார் மேடம்.

போல்ட்டின் தலைக்கு ஆறு மூலை. ஆறும் கடிபட்டிருந்தன. அளவு சற்றுப் பெரிய ஸ்பனரைப் போட்டுத் திருகினால் இப்படித்தான் மூலைகள் மழுங்கும். பழைய கடி இல்லை. உள்ளே உலோகம் புதிதாகப் பளபளத்தது.

கூண்டுக்குள் இருந்த றினாஸிடம் போய்க் கேட்டோம். இரண்டு கிராங்க்கையும் புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டு இழுத்ததாகச் சொன்னான். சுத்தியலால் அடித்துக் கழற்றுவது அவன் கடையில் கிடையாது. அச்சைத் துடைத்து, உள்ளே கிறீஸ் வைத்து, போல்ட் தலையை முழுதாகக் கவ்வும் அளவான சாக்கெட்டால் இறுக்கினானாம். கழற்றிப் பூட்டிய கிராங்க் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும்; அதனால் ஒருமுறை ஓடிவிட்டு மறுபடி கொண்டுவரச் சொல்வது அவன் வழக்கம். துஷாந்தினி சனிக்கிழமை கொண்டுவந்திருக்கிறாள். அவள் கண் முன்னாலேயே மறுபடி இறுக்கிக் கொடுத்திருக்கிறான். இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டான். தன் கேஸைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பின்னேரத்துக்குள் திருப்பித் தருவதாகச் சார்ஜன்டிடம் கையெழுத்து வைத்து போல்ட்டை வாங்கிக்கொண்டு, நேரே அவன் கடைக்குப் போனோம். உம்மா கொடுத்த சாவியால் திறந்து அந்தச் சாக்கெட்டை எடுத்து போல்ட்டின் தலையில் மாட்டினார் மேடம். அசையாமல் உட்கார்ந்தது. இதைப் போட்டுத் திருகினால் ஒரு மூலையும் கடிபடாது.

"அப்ப ரெண்டாவது இடம் வந்த பண்டாரவளைப் பிள்ளை," என்றேன். "தோத்தவங்களுக்குத்தான் கோபம் இருக்கும்."

அவள் போட்டிக்கு முதல் நாள் முழுக்க வேன், மெக்கானிக், பயிற்சியாளர் என்ற பரிவாரத்தோடு பண்டாரவளையிலேயே இருந்ததை மேடம் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தார். என் முதல் சந்தேகங்களின் ஆயுள் எப்போதும் இவ்வளவுதான்.

"சதீஸ், இதை வடிவாப் பாரும்," என்று போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பக்கமும் கடி இருந்தது. வலது பக்கம் திருகிய கடி ஆழமாக இருந்தது; ஆள் முழுப் பலத்தையும் போட்டிருக்கிறான். இடது பக்கம் திருகிய கடி அதற்கு மேலே விழுந்திருந்தது. அதாவது ஒரே கை, ஒரே பொருந்தாத ஸ்பனர், முதலில் வலது பக்கம் இறுக்கி, பிறகு இடது பக்கம் இளக்கியிருக்கிறது.

கடை மூலையில் இதே மாதிரிக் கிராங்க் உள்ள ஒரு பழைய சைக்கிள் நின்றது. மேடம் அதன் இடது மூடியைக் கழற்றிவிட்டு, போல்ட்டைத் திறக்கும்படி என்னிடம் சாக்கெட்டை நீட்டினார். நான் இடது பக்கம் திருகினேன். திறந்தது. போத்தல் மூடியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை உலகத்தில் எல்லாம் அப்படித்தானே திறக்கிறது.

"ஒண்டும் தெரியாத நீரும் இடப்பக்கம். எல்லாம் தெரிஞ்ச றினாஸும் இடப்பக்கம். கழட்ட வந்த ஒருத்தன் ஏன் வலப்பக்கம் திருப்பினவன்?"

ஒன்றும் தெரியாதவன் என்று சொன்னதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் கோபப்பட நேரமில்லை. என் கண் கிராங்க்கின் நுனியில் இருந்த பெடலில் விழுந்துவிட்டது.

நான் பசறைக்காரன். பசறை பஸ்ஸில் சைக்கிள் ஏற்ற வேண்டுமானால் பெடல் இரண்டையும் கழற்ற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பின் சீட்டுக்குப் பின்னால் சைக்கிளைச் செருகுவார்கள். பெடல் நீட்டிக்கொண்டு இருந்தால் பெண்களின் சேலையைக் கிழிக்கும், லீக்ஸ் மரக்கறி மூட்டையைக் குத்தும். கொண்டக்டர் ஏற்றவே மாட்டார். பெடல் கழற்றிப் பழகிய எவனுக்கும் ஒரு விஷயம் தெரியும். வலது பெடல் எல்லாவற்றையும் போல இடது பக்கம் திருகினால் கழரும். இடது பெடல் மட்டும் நேர்மாறு, வலது பக்கம் திருக வேண்டும்.

"பெடல் மட்டும் கழட்டிப் பழகுனவன், இடது பக்கம்னா எல்லாமே தலைகீழ்னு நெனப்பான் மேடம். போல்ட்டையும் அப்படித்தான் திருகுவான்."

மேடம் என்னை ஒரு முழு நிமிடம் பார்த்தார். பிறகு அந்தப் பழைய சைக்கிளைத் தூக்கி என் வண்டியில் ஏற்றச் சொன்னார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில் பசறை பஸ் நின்றது. கொண்டக்டர் ஹாஷிம் படியில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துஷாந்தினியின் சைக்கிள் வாராவாரம் வருவது இவர் பஸ்ஸில்தான். சனிக்கிழமையும் வந்திருக்கிறது. பெடலை யார் கழற்றுவது என்று கேட்டோம். அவளுடைய அண்ணன் ஜெயரூபன் கழற்றுவானாம், அவன் வராத நாட்களில் தானே கழற்றுவாராம். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை என்றும், வென்றால் கொழும்புக்குப் போகப் போவதை முதலில் தன்னிடம்தான் சொன்னாள் என்றும், வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை என்றாள் என்றும் தானாகவே சொன்னார். பஸ் நிறையும் வரை அவருக்குப் பேச்சுத் துணை வேண்டும் போலிருக்கிறது.

மேடம் சாக்கெட்டை நீட்டி, இந்த இடது போல்ட் திறக்க மறுக்கிறது, கொஞ்சம் உதவ முடியுமா என்று கேட்டார். ஹாஷிம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தினார். வலது பக்கம் திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். அது இறுகிக்கொண்டே போயிற்று.

"இடது பக்கம் எதிர்ப்பக்கம்தானே கழர வேணும். இது என்ன பிடிவாதம் பிடிக்குது," என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

நான் மேடத்தின் காதருகே போய், ஆள் அகப்பட்டான், சார்ஜன்டைக் கூப்பிடவா என்று கேட்டேன். மேடம் ஹாஷிமுக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

"இவர் இல்லை," என்றார்.

"வலது பக்கம்தானே திருப்புனாரு?"

"அதாலதான் இவர் இல்லை எண்டு சொல்லுறன். ஆஸ்பத்திரிக்கு விடும்."

இப்படிப் பாதியில் நிறுத்தி என்னை வதைப்பது அவருடைய பழைய வழக்கம். எரிச்சலில் இரண்டு பள்ளங்களை வேண்டுமென்றே தவிர்க்காமல் ஓட்டினேன்.

துஷாந்தினி வார்டுக்கு வெளியே விறாந்தை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். இடது கை தூக்குத் துணியில் இருந்தது. ஜெயரூபன் பக்கத்தில் இருந்து பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, ஊதி ஆற்றி அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பக்கம் வேலை செய்பவன். தங்கை போட்டிக்குப் போன இடமெல்லாம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவன். மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்பது அவன் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. இவனைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. அதை இங்கே சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

நான் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து விறாந்தைத் தூணில் சாய்த்தேன். மேடம் மிகச் சாதாரணமாகப் பேச்சைத் தொடங்கினார். துஷாந்தினியின் கிராங்க்கை அவன் எப்போதாவது கழற்றியதுண்டா என்று கேட்டார். இல்லையாம். அது றினாஸின் வேலை, தனக்குத் தெரிந்தது பெடல் மட்டும்தான், போல்ட்டில் கை வைத்ததே இல்லை என்றான். தங்கையும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப இந்த இடது பெடலைக் கழட்டித் தாங்கோ தம்பி. சதீஸுக்குச் சரிவரேல்ல."

அவன் ஸ்பனரை வாங்கி, பார்க்காமலே வலது பக்கம் திருகினான். பெடல் இரண்டு சுற்றில் கையோடு வந்தது. பழகிய கை.

"அப்பிடியே அந்த போல்ட்டையும் ஒருக்கா."

சாக்கெட்டை மாட்டினான். இடது பக்கம் திருகினான். ஹாஷிம் மூச்சைப் பிடித்து இறுக்கி வைத்திருந்த போல்ட் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுத் திறந்தது. நான் பெருமூச்சு விட்டேன். சரியாகத் திருகிவிட்டான், ஆகவே இவன் இல்லை, நல்லது என்று நினைத்தேன்.

மேடம் அவன் கையிலிருந்து சாக்கெட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். துஷாந்தினியின் சைக்கிளில் இருந்த போல்ட்டைப் பற்றிச் சொன்னார். ஒருவன் அதை முதலில் வலது பக்கம் பலமாக இறுக்கியதையும், திறக்காமல் போகவே மறுபக்கம் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்ததையும் விளக்கினார். பெடல் மட்டும் தெரிந்தவன் விடுகிற பிழை அது. ஹாஷிம் இன்றைக்கும் அந்தப் பிழையை விட்டார், ஏனென்றால் அவர் அந்த போல்ட்டை முன்பு தொட்டதே இல்லை.

"நீங்களும் பெடல் மட்டும் தெரிஞ்ச ஆள்தான். போல்ட்டிலை கை வைச்சதில்லை எண்டும் சொன்னீங்கள். ஆனா உங்கட கை பிழை விடேல்ல தம்பி. அதுக்கு இது எங்கை தெரிஞ்சது?"

ஜெயரூபன் வாய் திறந்தான். றினாஸ் செய்யும்போது பார்த்தேன் என்று ஏதோ தொடங்கினான்.

"நீ கடைக்குள்ள வந்ததே இல்லியே அண்ணே," என்றாள் துஷாந்தினி. "வெளியில ரோட்டுலதான் நிப்ப."

அவள் குற்றம் சாட்டவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளால் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மேடம் நேர்மையானவர். இது சாட்சி இல்லை, வெறும் கேள்விதான், கோர்ட்டில் நிற்காது என்று அவனிடமே சொன்னார். றினாஸ் உள்ளே போவான், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வார்டுக்குள் யாரோ இருமினார்கள். எனக்கு அங்கிருந்து எழுந்து வண்டிக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது.

"கொழும்புக்குப் போறேன்னு பஸ்காரன்கிட்ட சொல்லிட்ட. என்கிட்ட சொல்லல," என்றான் கடைசியில். தங்கையிடம்தான் பேசினான், நாங்கள் இருவரும் அங்கே இல்லாதது போல. "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறகு, பஸ்ல வச்சு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்க அவங்க ஆளுங்களே சைக்கிளப் பாத்துக்குவாங்களாம். அண்ணன் வரத் தேவையில்லையாம்."

பிறகு மீதியும் வந்தது. சனிக்கிழமை இரவு தொழிற்சாலை ஸ்பனரைக் கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் வைத்து போல்ட்டை இளக்கியிருக்கிறான். மூடியைத் திரும்ப அழுத்தியிருக்கிறான். ஏற்றம் தொடங்கியதுமே கிராங்க் ஆடும், அவள் இறங்கி நிற்பாள், தோற்பாள், வீட்டுக்கு வருவாள். அவன் போட்ட கணக்கு அதுதான். எலும்பு முறிய வேண்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கணக்கு எங்கே பிழைத்தது என்று மேடம் சொன்னார். முதலில் வலது பக்கம் முழுப் பலத்தோடு திருகினானே, அந்த இறுக்கம் கிராங்க்கை அச்சுக்குள் இன்னும் ஆழமாக ஏற்றிவிட்டது. போல்ட் இளகிய பிறகும் கிராங்க் தன் பிடியிலேயே நின்றது. ஏற்றத்தில் ஆடியிருக்க வேண்டியது இறக்கம் வரை தாங்கிவிட்டது.

"அது எனக்குத் தெரியாது மேடம். சாமி சத்தியமா. ஏத்தத்துலயே நின்னுருவான்னுதான் நெனச்சேன். எறக்கத்துக்குப் போக விட்டிருக்க மாட்டேன்."

நான் அவனை நம்பினேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதான், ஆனாலும் மேய்ந்த வேலிக்கும் ஒரு வலி இருந்திருக்கிறது என்று நினைத்தேன். மேடத்தின் முகம்கூடச் சற்று இளகியது.

துஷாந்தினி தேத்தண்ணிக் கோப்பையை வாங்கில் வைத்தாள்.

"ஏத்தம் முடியிற எடத்துல நீ தண்ணிப் போத்தலோட நின்ன," என்றாள். குரல் உயரவே இல்லை. "நான் நிப்பாட்டுனேன். இடது பக்கம் கரகரன்னு சத்தம் கேக்குது, பாருன்னு சொன்னேன். நீ குனிஞ்சு கிராங்கப் புடிச்சு ஆட்டிப் பாத்த."

ஜெயரூபன் நிமிரவில்லை.

"அது ஆடுச்சு. உன் கையில ஆடுனத நானும் பாத்தேன். ஆடுதேன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல, நீ போ'ன்னு சொன்ன. அண்ணன் சொல்றானே, ஒண்ணும் இருக்காதுன்னுதான் நான் எறங்குனேன்."

நான் வாங்கில் இருந்த கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"பக்கத்துல பண்டாரவளைக் கோச் நின்னாரு," என்றான் ஜெயரூபன், காதில் விழுந்தும் விழாத அளவுக்கு மெதுவாக. "மூடியத் தொறந்து பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும்னு..."

தங்கையின் காறை எலும்பையும் தன் மானத்தையும் ஒரு நொடி தராசில் வைத்துப் பார்த்திருக்கிறான். மானம் கனத்திருக்கிறது. அதுவரை அவன் மேல் எனக்கு இருந்த இரக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

படியேறி சார்ஜன்ட் வந்தார், கையில் பைலும் பேனாவுமாக. மேடம் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். அவர் ஜெயரூபனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்து எழுதத் தயாரானார். துஷாந்தினியிடம் அவசரம் இல்லை, விருப்பமில்லாவிட்டால் நாளைக்குக்கூடச் சொல்லலாம், சொந்த இரத்தம், யோசித்துச் சொல் என்றார். நல்ல மனுஷன்தான்.

அவள் யோசிக்கவில்லை. றினாஸ் நானாவை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் கேட்டாள். சார்ஜன்ட் தலையாட்டிய பிறகுதான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. ஜெயரூபன் தூணோடு ஒட்டிக்கொண்டு, அண்ணே என்று கூப்பிடுவாள், திட்டுவாள், அழுவாள் என்று காத்துக்கொண்டு நின்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

சார்ஜன்ட் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "சனிக்கிழமை இரவு என்னுடைய அண்ணன்..." என்ற இடத்தில் அவள் நல்ல கையை நீட்டித் தாளை மறைத்தாள்.

"அண்ணன்னு எழுதாதீங்க சேர்," என்றாள். "பேர எழுதுங்க."